திங்கட்கிழமைக் குரல்

நவம்பர் 17, வெள்ளி

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். காற்று வரவில்லை. இந்த மாதத்தில் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எங்கள் புன்னைத்துறையில் வள்ளம் இறங்கக் கூடாது. ஆண்கள் நாள் முழுவதும் மணலில் சீட்டு விளையாடினார்கள். ஓர் இலைகூட அசையவில்லை.

சர்க்கரை மாத்திரை வாங்கினேன். கோழிக்கூட்டின் கதவு பிய்ந்து தொங்குகிறது. கட்ட வேண்டும்.

நவம்பர் 20, திங்கள்

இன்று என் நாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு மேலே மாடியில் மீனவர் சங்கத்தின் சிறிய வானொலி இருக்கிறது. தினமும் காலையில் 'கரைப்பேச்சு' என்று ஒரு மணி நேரம். ஒரு விருந்தினர் வருவார், நஸீமா கேள்வி கேட்பாள், ஊர்க்காரர்கள் போன் போட்டுப் பேசுவார்கள். கருவாடு விற்கிற பெண்கள் வந்திருக்கிறார்கள், பாம்புக்கடி நர்சு வந்திருக்கிறார், என்ஜின் மெக்கானிக் வந்திருக்கிறார். திங்களும் வியாழனும் நான். காற்றையும் கடலையும் பற்றிப் பேசுவேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் என்னைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கியது. வானொலி வேறு நாற்காலி கொடுத்தது. ஊருக்குள் என் பேச்சைக் கேட்காதவர்கள் கடலில் போய்க் கேட்கிறார்கள். கைபேசி செத்துப்போகிற தூரத்தையும் தாண்டி இந்த வானொலி கொஞ்ச தூரம் எட்டும். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு சின்ன ரேடியோ தொங்குகிறது.

நஸீமா கேட்டாள்: "தாத்தா, கூண்டு ஏத்துனாங்க, காத்து வரலையே. என்ன காரணம்?"

"அத ஏத்துனவன்கிட்ட கேளு பிள்ள. அந்தக் கூண்ட எனக்குக் குடுக்கச் சொல்லு. எங்க வீட்டுக் கூட்டுக்குக் கதவு பிஞ்சு கெடக்கு, கோழி அடைக்கதுக்கு ஆவும்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு பார்க்கிற ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையிலிருந்து ஒருவன் போன் போட்டான்.

"பெரியவரே, தங்கலுக்குப் போவலாமா? கூண்டப் பாக்கவா, ஒம்மப் பாக்கவா?"

"தாராளமாப் போங்கல. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. பயந்தவன் பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கிட்டுப் படுத்துக் கெடக்கட்டும்."

தங்கல் என்றால் இரவும் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பது. இன்றைக்குப் போகலாம்தான். சரியாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி ராக்கினி சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூண்ட வச்சு விளையாடாதீய" என்றாள். அவளுடைய அண்ணன் ஒரு கார்த்திகை மாதத்தில் கடலுக்குப் போனவர், இன்றைக்கும் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பிறகு அவளாகவே சொன்னாள்: "வடக்குத் தெருவுல ஒரு வள்ளத்துல ஒங்க பேச்சக் கேட்டுட்டுத்தான் இறங்குதாவளாம்."

யாருடைய வள்ளம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கோழிக்கூட்டுக்குக் கம்பி வாங்கி வந்தேன். கட்டவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். இந்த நோட்டை எழுதத் தொடங்கியது அந்தக் கூட்டம் நடந்த அன்றைக்கு. நான் சொன்னதைச் சொல்லவில்லை என்றும், சொல்லாததைச் சொன்னேன் என்றும் ஊரே சாதித்தது. என்னை இறக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். முதல் கை, இப்போது தலைவராக இருக்கிற மரியசூசையின் தம்பியுடையது. கடைசிக் கை என் வீட்டில் பிறந்து, என் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கிய கை. அன்றிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. வீட்டில் சொன்னதில்லை, கோயிலில் சொன்னதில்லை, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றும் சொன்னதில்லை. ஊருக்கே இது தெரியும். இந்த நோட்டிலும் அந்தப் பெயர் இல்லை. வராது.

நவம்பர் 22, புதன்

நஸீமா போன் பண்ணினாள். நாளை 'கரைப்பேச்சு'க்கு என்னுடன் மரியசூசையும் உட்காருவானாம். "முன்னாள் தலைவரும் இந்நாள் தலைவரும் ஒண்ணா உட்காந்தா கேக்க நல்லாருக்கும் தாத்தா" என்றாள்.

"பாப்போம்" என்றேன்.

சாயங்காலம் கரைக்குப் போனேன். காற்றே இல்லை. ஆனால் அலை நீளமாக, நிதானமாக, எங்கிருந்தோ தள்ளிவிட்டது போல வந்து விழுகிறது. ஒன்று விழுந்து அடுத்தது வருவதற்குள் ஒரு மனிதன் மூச்சை இழுத்து விட்டுவிடலாம். தெற்கே தூரத்தில் வானம் பழைய செம்புப் பாத்திரத்தின் அடி போல இருந்தது. இது வேறு. இது கூண்டுக்காரர்களின் காற்று இல்லை, நிஜக் காற்று. எத்தனை நாளில் வரும் என்று தெரியவில்லை, ஆனால் வரும்.

கரையில் நாலைந்து பேர் வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாளை வானொலியில் சொல்லியிருப்பேன். என் பக்கத்தில் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் நான் எதற்குப் போக வேண்டும்? கூண்டு இருக்கிறதே, அது சொல்லட்டும்.

நவம்பர் 23, வியாழன்

போகவில்லை. போன் அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்தேன். அங்கேயும் அடித்தது. ரேடியோவைத் திறக்கவில்லை. ராக்கினி கோயிலுக்குப் போயிருந்தாள்.

ஓட்டில் ஒழுகுகிற இடத்துக்கு சிமெண்ட் பூசினேன்.

மதியம் என்ஜின் சத்தம் கேட்டது. வள்ளங்கள் இறங்குகிற சத்தம். காலையில்தான் கூண்டு ஏற்றியிருப்பதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பிறகு யார் போகிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இதை விளக்கு வைத்த பிறகு எழுதுகிறேன்.

ஜெசிந்தா வந்திருந்தாள். மருமகள். நாலு வருஷமாக வாசலோடு நின்று மாமியாரிடம் பேசிவிட்டுப் போகிறவள், இன்று நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, கூண்டு ஏறியிருக்கு, அவிய தங்கலுக்குப் போயிட்டாவ. ஒண்ணும் ஆவாதில்லா?"

"கூண்டு ஏறியிருக்கும்போது எதுக்குப் போனான்?"

"என்ன மாமா இப்படிக் கேக்கிய? நீங்க சொன்னியள்ளா!"

"நான் யாருகிட்ட சொன்னேன்?"

"ரேடியோவுல. காலையில நஸீமா, 'இன்னைக்கு வியாழக்கிழமை, நம்ம சந்தியாகு தாத்தா வந்திருக்காங்க'ன்னா. பொறவு நீங்க பேசுனிய. கோழி அடைக்கக் கூண்டக் குடுன்னு சொன்னிய. தாராளமாப் போங்கலன்னு சொன்னிய. கரையே சிரிச்சுது. நாலு வள்ளம் போயிருக்கு மாமா. நான் வேண்டாம்னு சொன்னேன். 'எங்கப்பா சொன்னாச் சொன்னதுதான். ஒன் முந்தானையப் புடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா'ன்னு கேட்டுட்டுப் போனாவ."

நான் இன்று வாயே திறக்கவில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. திங்கட்கிழமைப் பேச்சு. திங்கட்கிழமைக் கூண்டைச் சொன்னதை இன்றைக் கூண்டுக்குச் சொன்னதாகக் கேட்டிருக்கிறார்கள்.

ராக்கினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கடல் பக்கத்துச் சன்னலுக்குப் போனாள்.

நவம்பர் 24, வெள்ளி, காலை

விடியும்போதே வாடைக்காற்று எழுந்துவிட்டது. முருங்கை முறிந்து கிணற்றின் மேல் கிடக்கிறது. கடல் இரைகிறது. சாதாரணமாக இரைவது போல இல்லை. அடியிலிருந்து எதையோ உருட்டிக்கொண்டு வருவது போல.

நஸீமா நனைந்துகொண்டே வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டாள்.

"தாத்தா, நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சு வணக்கம் சொல்லி ஆரம்பிச்சுட்டேன். தலைவரும் வரல, ரெண்டு நாற்காலியும் காலியாக் கெடந்துச்சு. நேரத்த நிரப்ப ஐசக் அண்ணன் திங்கக்கிழமைப் பதிவப் போட்டுட்டாங்க. நான் வெளிய நின்னு உங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். என்ன ஓடுதுன்னு கேக்கல."

"ஆக என் குரல வச்சு ஊர ஏமாத்தியிருக்கிய."

"ஏமாத்தல தாத்தா, தப்பு நடந்துபோச்சு. நேத்து சாயங்காலத்துலருந்து அது பழைய பதிவுன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். கரைக்கு வந்துருங்கன்னு கத்திக்கிட்டே இருக்கோம். எத்தன பேரு கேட்டாங்களோ தெரியல. கடலோரக் காவலுக்கும் சொல்லியாச்சு, இந்த அலையில அவங்க சின்னப் படகு வெளிய வராதாம். நீங்க வந்து பேசுங்க. நீங்க சொன்னாத்தான் வருவாங்க."

நான் சொன்னேன்: முதலில் நீங்கள் செய்த தவறை என் முன்னால் சொல்லுங்கள். சந்தியாகு தவறாக ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். பிறகு வருகிறேன்.

"சொல்றேன் தாத்தா. எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். ஆனா ஒரு பயம் இருக்கு." நனைந்த குளிரில் அவளுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. "பழைய பதிவுன்னு நாங்களே சொல்லிட்டோம். இப்ப உங்க குரல் கேட்டா, இதுவும் டேப்புன்னு நெனச்சு ரேடியோவ அணச்சிட்டா? தேதி சொன்னாலும் நம்பவா போறாங்க? நேத்தும் தேதி சொல்லித்தானே போட்டோம்."

அப்போது ராக்கினி சன்னலை விட்டுத் திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"டேப்புல இல்லாத ஒண்ணு ஒங்ககிட்ட இருக்குல்லா" என்றாள். "நாலு வருஷமா எந்த டேப்புலயும் இல்லாத ஒண்ணு. அதச் சொல்லுங்க. இல்ல, எங்க அண்ணன் மாதிரி இவனையும் நான் இந்தச் சன்னல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும்னா, அதையும் சொல்லிட்டுப் போங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாத்திரை போடவில்லை.

நவம்பர் 24, மாலை

அந்த அறையில் சுவரெல்லாம் கயிற்றுப்பாய் அடித்திருக்கும். வெளியே உலகமே கத்தினாலும் உள்ளே நம் மூச்சு மட்டும்தான் கேட்கும். இத்தனை நாள் அது எனக்குப் பிடித்திருந்தது. இன்று சவப்பெட்டிக்குள் உட்கார்ந்தது போல இருந்தது.

நஸீமா நடந்ததைச் சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் தள்ளினாள்.

"புன்னத்துற வள்ளங்களுக்கு. நான் சந்தியாகு பேசுதேன். இது டேப்பு இல்ல."

அதற்கு மேல் வரவில்லை. அந்தப்பக்கம் யாருமே இல்லாதது போல இருந்தது. போன் பேசினால் எதிரே ஒரு 'ம்' வரும். இதில் ஒன்றும் வராது. நாம் பேசுவது கடலில் விழுந்து போகிறது. கேட்டார்களா, அணைத்தார்களா, அல்லது கேட்பதற்கு ஆளே இல்லையா, ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் ஜெசிந்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏல கஸ்பார்."

நஸீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏல கஸ்பார், ஒங்கப்பன் பேசுதேன். கேக்குதா? வலைய வெட்டிவிடு. வலை போனாப் போவுது. கரைக்கு நேரா வராத, அலை குப்புறப் போட்டுரும். தீவு மறைவுல ஒதுங்கு. அங்கயே கெட. கஸ்பார், ஒங்கம்மா சன்னல்ல நிக்கா. ஒம் பொண்டாட்டி இங்க நிக்கா. ஏல கஸ்பார்…"

எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு தடவை சொல்லத்தான் பாடாக இருந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. கூடப்போன ரெண்டு வள்ளத்துக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

நஸீமா ஒரு துண்டுத்தாளில் இன்னொரு பெயரை எழுதி நீட்டினாள். நாலாவது வள்ளம். மரியசூசையின் தம்பியுடையது. எனக்கு அப்போது தொண்டை கட்டிவிட்டது. எல்லாருக்கும் சேர்த்துத்தானே சொன்னேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 25, சனி

வரவில்லை.

கரண்ட் இல்லை. ராக்கினி சன்னலை மூடவிடவில்லை. மழை வீட்டுக்குள் அடிக்கிறது. முந்தாநாள் பூசிய சிமெண்டோடு ஓடும் போய்விட்டது. கோழிகளைக் காணவில்லை. கதவு கட்டவேயில்லை.

ஒரு சத்தம் கேட்டால் எழுகிறேன். சத்தம் நின்றாலும் எழுகிறேன்.

நவம்பர் 26, ஞாயிறு

மதியத்துக்கு மேல் ஒரு வேன் வந்தது. மூன்று வள்ளத்து ஆட்களும் தீவு மறைவில் கிடந்து, காற்றுத் தணிந்ததும் தெற்கே ஒரு கரையில் ஏறியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் கஞ்சி ஊற்றி வேன் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

வாசலில் வந்து நின்றான். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. ராக்கினி அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள், குருடி பார்ப்பது போல. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா" என்றான்.

"ம்."

"மொதல்ல டேப்புன்னுதான் நெனச்சோம். எங்கூட வந்த சூசை அணைக்கப் போனான். அதுக்குள்ள எம் பேரு வந்துட்டு." நிலைப்படியில் உட்கார்ந்தான். "சூசை சொன்னான், 'ஏ, இது டேப்பு இல்லடே, கெழவனுக்கு நெசமாவே பயம் வந்துட்டு'ன்னு. வலைய வெட்டிட்டோம்."

"வலை போனாப் போவுது" என்றேன்.

"தொம்மை அண்ணன் வள்ளம் எங்களுக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு. ஒங்க குரல் கேக்கவும், 'திரும்பவும் பழசப் போடுதானுவ'ன்னு கையக் காட்டிட்டு ரேடியோவ அணச்சிட்டாவ. என்ஜினத் தட்டிட்டுத் தெக்க போயிட்டாவ. நாங்க கத்துனோம். காத்துல கேக்கல."

ராக்கினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

மரியசூசையின் தம்பி அணைக்காமல் இருந்திருந்தால் கேட்டிருக்கும். அணைத்தது அவன். முதல் பெயராக அவன் பெயரையே சொல்லியிருந்தால் என்று ஊரில் எவனாவது பேசுவான். பேசட்டும். எது முதல் பெயர் என்று ஒரு தகப்பனிடம் கேட்கிற அளவுக்கு இந்த ஊரில் எவனும் யோக்கியன் இல்லை.

போகும்போது கஸ்பார் சொன்னான்: "தொம்மை அண்ணன் போன வாரந்தான் ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டாவ. தண்ணி படாம இருந்தா இன்னும் நாலஞ்சு நாளு தாங்கும்."

நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

நவம்பர் 27, திங்கள்

என் நாள். யாரும் போன் பண்ணவில்லை. நானாகப் போனேன்.

மாடிப்படியில் மரியசூசை உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தேடப்போன படகுகள் வெறும் டீசல் கேன் ஒன்றோடு திரும்பியிருக்கின்றன. அது யாருடையது என்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

"ஒம்ம நாக்குல என்ன வே இருக்கு?" என்றான். "போன்னா போறானுவ. வான்னா வாறானுவ. எந் தம்பிய மட்டும் ஏன் வே கூப்பிடல?"

"திங்கக்கிழம நான் சொன்னது திங்கக்கிழமைக்குச் சரி" என்றேன்.

"நான் அதக் கேக்கல."

எனக்கும் அவன் அதைக் கேட்கவில்லை என்று தெரியும். அவனைத் தாண்டி மேலே ஏறினேன். பாதிப் படியில் நின்று, "வாரியா?" என்றேன்.

நஸீமா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை போட்டிருந்த அதே நாற்காலி. மரியசூசை என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐசக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார்.

பேச என்ன இருக்கிறது? காற்றைப் பற்றிக் கேட்க ஆளில்லை. கடல் இன்று கண்ணாடி மாதிரி கிடக்கிறது, போன திங்கட்கிழமை போலவே.

"இன்னைக்குத் திங்கக்கிழம" என்றேன். "நான் சந்தியாகு பேசுதேன். பக்கத்துல மரியசூசை இருக்கான். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்த டேப்பு எதுவும் கெடையாது. அதனால அணைக்காத."

மரியசூசை மேசை விளிம்பை இறுகப் பிடித்தான்.

"ஏல தொம்மை. கேக்குதா? ஏல தொம்மை…"

நாளைக்கு விருந்தினர் பாம்புக்கடி நர்சு. திரும்பவும் கூப்பிட அவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.